அழிச்சாச்சா அண்ணாச்சி?

பாளையங்கோட்டையில் தீசிஸ் அடிக்க வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வர வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. இதை நானே சொல்லக் கூடாதுதான். நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப் போகிறான்? எட்டாம் வகுப்பில் தோற்றவன் நான். வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு ஒரு பழைய டைப்ரைட்டரை வாங்கி, யாரிடமும் போய்ப் படிக்காமல் நானே தட்டிப் பழகினேன். டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்தேன், அதற்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ், தொண்ணூறுகள் பிறந்ததும் கம்ப்யூட்டர். அப்போது எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் கணிக்கிற பெட்டி என்றுதான் நினைத்திருந்தார்கள். நான் ரெண்டு வாங்கிப் போட்டு, ஏசி வைத்து, செருப்பை வெளியே விடச் சொல்லி போர்டும் எழுதி மாட்டினேன். இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வரும், அர்த்தம் பாதிதான் புரியும். அதனாலென்ன? இந்த ஊரில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு நடக்கிற எத்தனையோ பேருக்கு அந்தப் பட்டத்தை அடித்து, பைண்டு பண்ணி, முதுகில் தங்க எழுத்துப் பதித்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

அத்தனை பேரிடமும் நான் ஒரே ஒரு காரியம் கேட்டேன். அதை மட்டும் ஒருத்தரையும் செய்ய வைக்க முடியவில்லை.

கணக்குப் போட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். மழையோ, நெல் விளைச்சலோ, எண்களை உள்ளே போட்டால் முடிவைத் துப்புகிற எழுத்து அது. கல்லூரியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதன் அறைக்குப் பூட்டு. சாவி துறைத் தலைவர் பையில். அதனால் என் கடைக்கு வந்து வாடகைக்கு உட்காருவார்கள். ஃபிளாப்பியில் கொண்டுவந்ததை என் மெஷினில் ஏற்றி, ஓட்டி, வருகிற அட்டவணையைப் பிரிண்ட் எடுப்பார்கள். எடுத்த தாள் கைக்கு வந்துவிடும். ஆனாலும் ஆள் நகராது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும்.

"அழிச்சாச்சா அண்ணாச்சி?"

"இந்தா, அழிக்கேன்."

"எங்க, காட்டுங்க."

திரையில் அந்த ஃபைல் இல்லை என்று காட்ட வேண்டும். அப்போதுதான் செருப்பு மாட்டுவார்கள். ஒருத்தர் மெஷினை அணைத்து மறுபடி போடச் சொல்லிப் பார்ப்பார். இன்னொருத்தர், வேறு ஆராய்ச்சிக்காரர் கடைக்குள் நுழைந்தால் போதும், குடையை விரித்துத் திரையை மறைப்பார். வெளியே மழையும் கிடையாது ஒன்றும் கிடையாது. தீசிஸில் எழுதிய வார்த்தையைப் பற்றி இவர்களுக்கு அவ்வளவு கவலையில்லை. புரோகிராம்தான் உயிர். பக்கத்து மேஜைக்காரன் அதை எடுத்து வைத்துக்கொண்டு தனக்கு முன்னால் பட்டம் வாங்கிவிடுவான் என்ற பயம்.

எனக்கு அழிப்பது பிடிக்காது. நான் ஒரு முறை வைத்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. ஒரு பேராசிரியர் ஒரு வாரம் முழுக்கத் திருத்தம் போட வைத்துவிட்டு, கடைசியில் வந்து, "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்" என்றார். பழையது என்னிடம் இல்லை. அன்றைக்கு வாங்கிய பேச்சிலிருந்து, திருத்தத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு காப்பி தனியாக எடுத்து, எண் போட்டு, என்ன மாற்றினோம் என்று ஃபிளாப்பி மேலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுவேன். தெற்குச் சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க அதுதான். யார் வந்து எந்தத் திருத்தத்துக்கு முந்தினது கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன்.

காயல்பட்டினத்துத் தம்பி ஒருத்தர் துபாயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். விடுமுறைக்கு வந்தவர் பாஸ்போர்ட் சம்பந்தமாக ஏதோ அடிக்க வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! இதை யாரு அண்ணாச்சி உங்களுக்குச் சொல்லித் தந்தா?" என்றார்.

"எனக்கு எவன்வே சொல்லித் தரணும்?"

"இல்ல, எங்க கம்பெனியில இதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு. யாரு, எந்த வரிய, எப்ப, எதுக்கு மாத்துனாங்கன்னு எல்லாத்தையும் வச்சிருக்கும். எவ்வளவு தூரம் வேணும்னாலும் பின்னால போகலாம். பத்துப் பேரு ஒரே எழுத்துல கைவச்சாலும் குழம்பாது."

நான் கண்டுபிடித்ததை வெள்ளைக்காரனும் கண்டுபிடித்திருக்கிறான் என்று அன்று முழுக்க வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தத் தம்பி சொன்னதில் இன்னொன்றும் எனக்குப் பிடித்துப்போனது. வெளிநாட்டில் சில பல்கலைக்கழகங்களில் தாங்கள் எழுதியதை எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்தே வைத்துவிடுகிறார்களாம். எடுத்தவன் தப்பைக் கண்டால் எழுதிப் போடுவானாம். எழுதினவனுக்கு அதில் லாபம்தானே?

சரி, நம் ஊரிலும் செய்துவிடுவோம் என்று இறங்கினேன். எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் உட்கார மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரிந்த ஆராய்ச்சிக்காரர்களையெல்லாம் கடைக்கு அழைத்தேன். உளுந்தவடை, காபி எல்லாம் என் செலவு. எழுந்து நின்று பேசினேன். "இந்த அலமாரியில ஒரு தட்டு உங்களுக்கு. ஆளுக்கொரு காப்பி வையுங்க. மாத்துனா, மாத்துனதப் பக்கத்துல வையுங்க. பழசு மேல கை வைக்காதீங்க. வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும். இவரு மழைக்கு எழுதுனதுல பாதி அவருக்கும் ஆகும்லா? ஏன் ஆளாளுக்கு முதல்ல இருந்து எழுதிச் சாகுதிய?"

எல்லோரும் தலையாட்டினார்கள். புள்ளியியல் சார் ஒருத்தர், "அருமையான யோசனை அண்ணாச்சி. முதல்ல சார் ஆரம்பிக்கட்டும்" என்று பக்கத்திலிருந்தவரைக் காட்டினார்.

அவர், "சீனியாரிட்டிப்படி நீங்கதானே முதல்ல?" என்றார்.

"என்னோடது இன்னும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தணும்."

"எனக்கும் அதேதான்."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. திருட்டுப் பயம் பாதிதான். மீதி வெட்கம். தன் எழுத்து எப்படிக் கன்னாபின்னா என்று கிடக்கிறது என்பதை இன்னொருத்தன் பார்த்துவிடக் கூடாது. வடை தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது. அந்தத் தட்டில் ஒரே ஒரு ஃபிளாப்பி வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்தேன், பாம்பு இரை தின்கிற விளையாட்டு.

வேறொருத்தனாக இருந்தால் விட்டிருப்பான். நான் வருகிற ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அதிகமாகச் சொன்னது சேரன்மகாதேவியிலிருந்து வருகிற ஒரு அம்மாவிடம். இங்கே ஒரு கல்லூரியில் லெக்சரர். பகுதி நேரமாக ஆராய்ச்சி. கால்வாய்த் தண்ணீர்தான் விஷயம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் எந்த மடைக்கு எப்போது போய்ச் சேரும், வழியில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், கடைசியில் காய்கிற மடை எது என்று சொல்லுகிற புரோகிராம். அவர்கள் வீட்டு வயலே கடைமடையில்தான். அதனால் இது வெறும் பட்டத்துக்குச் செய்கிற ஆராய்ச்சி இல்லை. நாலாவது அத்தியாயத்தில் எந்த மடைக்கு முதலில் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு வரிசை கொடுத்திருந்தார்கள். அதை அதிகாரிகளிடம் கொண்டுபோய் வைத்து முறையை மாற்ற வைக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை.

தங்கமான மனுஷி. எனக்கு வீட்டிலிருந்து மாவடு கொண்டுவருவார்கள். புரோகிராமுக்கு முதல் வரியில் ஆங்கிலத்தில் ஒரு 'யூ' போட்டிருப்பார்கள். என்னம்மா இது என்று கேட்டேன்.

"பிள்ளையார் சுழி அண்ணாச்சி. இதுக்குத் தமிழ் தெரியாதுல்லா? அதான் அதோட பாஷையில போட்டிருக்கேன். அந்த வரிய இது படிக்காது, தாண்டிப் போயிரும்."

"பிள்ளையாரு படிப்பாருல்லா, அது போதும்."

ஆனால் அந்த அம்மாவும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற கட்சிதான். "அழிச்சாச்சா அண்ணாச்சி?" நான் கெஞ்சாத குறை. "ம்மா, ஒரு காப்பி இங்கன கிடக்கட்டும். பூட்டி வைக்கேன். சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க." சிரித்துக்கொண்டே, "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல அண்ணாச்சி. கடைக்கு நாலு பேரு வருவாங்கல்லா" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதே ஃபிளாப்பி, அதே பெயர், பழையதன் மேலேயே புதியது. வெயில் காலத்துக்கு ஒரு வரி சேர்த்தார்கள், மணல் கால்வாய்க்கு ஒன்றை மாற்றினார்கள், ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு சொன்னார் என்று எதையோ எடுத்தார்கள். எல்லாம் ஒன்றின் தலையில் ஒன்று.

தீசிஸ் அடித்து முடித்து வெளியூர்ப் பரீட்சகருக்குப் போனது. சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பாராட்டி எழுதியிருந்தார். ஒரே ஒரு கேள்வி. நாலாவது அத்தியாயத்து அட்டவணையை மறுபடி ஓட்டி, புரோகிராமோடு சேர்த்து அனுப்பவும்.

அந்த அம்மா கலகலப்பாகத்தான் வந்து உட்கார்ந்தார்கள். பழைய எண்களைப் போட்டு ஓட்டினார்கள். பிரிண்டர் கிர்ரென்று இழுத்துத் துப்பியது. தாளைக் கிழித்துத் தீசிஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மறுபடி ஓட்டினார்கள். மறுபடி பார்த்தார்கள். ஏசி அறையில் அந்த அம்மாவுக்கு வேர்த்தது.

"என்னம்மா?"

"வரிசை வேற வருது அண்ணாச்சி. கடைசியில காயும்னு எழுதின மடை இப்ப நடுவுல வருது."

"இப்ப வந்தத எழுதி அனுப்பிருங்களேன்."

"இப்ப வந்தது சரியா, அப்ப வந்தது சரியா? நடுவுல எதை எதையெல்லாம் மாத்துனேன்னு எனக்கே தெரியலயே. நான் தப்பத் திருத்தினேனா, சரியா இருந்ததக் கெடுத்தேனான்னு தெரியலயே அண்ணாச்சி."

சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்லுவார்? என் அலமாரியில் ஊரில் உள்ள கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் பழைய காப்பி இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நானே என் கையால் அழித்திருந்தேன்.

பதிவுக் காலம் முடிய அந்தப் பருவம்தான் பாக்கி. அதற்குள் பதில் போகாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு தினமும் வந்து உட்கார்ந்தார்கள். ஞாபகத்தில் இருந்தபடி ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்ப்பார்கள், சேர்த்துப் பார்ப்பார்கள். பழைய வரிசை வரவே இல்லை. நான் காபி வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? எனக்கு அதில் ஒரு எழுத்து புரியாது.

அப்போதுதான் எனக்கு உவரித் தம்பி நினைவுக்கு வந்தான். அதே கைடிடம் ஆராய்ச்சி செய்கிற பையன். கட்டுமரத்தில் போகிற குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். அந்த வருஷத் தொடக்கத்தில் தன் புரோகிராமைப் பிரிண்ட் எடுக்க வந்திருந்தான். தாள் சிக்கிக்கொண்டதை நான் இழுத்தபோது முதல் பக்கம் கண்ணில் பட்டது. மேலே ஒரு 'யூ'. அன்று நினைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நமக்கெதற்கு ஊர் வம்பு? இப்போது அப்படி விட முடியுமா? முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் வைத்து அவனைப் பிடித்தேன்.

"ஏலே, அந்தோணியார் கோயிலுக்குப் போறவனுக்குப் பிள்ளையார் சுழி எதுக்குவே?"

ஒரு நிமிஷம் முழித்தான். "அதுவா அண்ணாச்சி? 'யூ'ன்னா உவரி. ஊரு பேரு போட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, நல்லாத்தான் சொல்லுத. அப்ப அந்தம்மாவும் உவரியா?"

அவன் சிரிக்கவில்லை. பஸ் வந்தது, போனது, ஏறவில்லை. பிறகு பைய சொன்னான். அந்த அம்மாவின் ஃபிளாப்பியில் வைரஸ் வந்தபோது இவன்தான் துறைத் தலைவரிடம் சாவி வாங்கி, காலேஜ் கம்ப்யூட்டரில் சரிபண்ணிக் கொடுத்தானாம். அப்போது ஒரு காப்பி எடுத்துவிட்டான். "ஆத்துக்கு எழுதினத நான் கடல் தண்ணி உள்ள வாரதுக்கு மாத்திக்கிட்டேன். கேட்டா குடுத்திருக்க மாட்டாங்க அண்ணாச்சி. யாரும் யாருக்கும் குடுக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். நான்தானே வடை வாங்கிக் கொடுத்துப் பார்த்தவன்.

"சரி போனது போகட்டும். அவங்களுக்கு இப்ப அந்தப் பழசு வேணும். கொண்டா."

"சாருக்குத் தெரிஞ்சா என் தீசிஸக் கிழிச்சிருவாரு."

"கடைக்குள்ள கிடந்துச்சுன்னு நான் சொல்லுதேன்வே. உன் பேரே வராது."

ரெண்டு நாள் அவன் வரவில்லை. நான் அந்த அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஒரே பெருமை. பெரிய பெரிய படிப்புக்காரர்களால் முடியாததை இந்த எட்டாம் வகுப்பு தீர்த்து வைக்கப் போகிறது என்று, கடைக்கு வந்தவர்களிடம் என்னையறியாமல் ரெண்டு வார்த்தை கூடப் பேசினேன். மூன்றாம் நாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவனே நேரில் வந்தான். அந்த அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணைக் காட்டினேன். அவன் கவனிக்கவில்லை. நேரே போய் ஃபிளாப்பியை அவர்கள் முன்னால் வைத்தான்.

"மேடம், நான் உங்களோடத எடுத்தேன்."

அந்த அம்மா அவனைப் பார்த்தார்கள், ஃபிளாப்பியைப் பார்த்தார்கள். கோபப்படுவார்கள் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர்களோ பறித்துக்கொண்டு மெஷினில் போட்டார்கள். திரையில் முதல் வரியில் அந்த 'யூ'வைக் கண்டதும் அவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓட்டினார்கள். பிரிண்டர் இழுத்தது. தாளை வைத்துப் பார்த்தார்கள்.

மூன்றாவதாக ஒரு வரிசை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

உவரித் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் அதுலயே என்னோடத மாத்திட்டே வந்துட்டேன் மேடம். மேலயே சேவ் பண்ணிட்டேன். எதை எதை மாத்துனேன்னு பாதிதான் ஞாபகம் இருக்கு."

அந்த அம்மா மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். பிறகு, "எடுத்தது தப்பில்ல தம்பி. எடுத்தத அப்படியே வச்சிருந்திருக்கலாம்ல?" என்றார்கள்.

ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். என் கடையில் ஒரே நாற்காலியில் ரெண்டு ஆராய்ச்சிக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்து ஒருத்தர் எழுத்தை ஒருத்தர் பார்த்தது அப்போதுதான். ஒன்று சொல்ல வேண்டும், அவர்களில் ஒருத்தர் கண்ணில் படாத தப்பு இன்னொருத்தர் கண்ணில் பட்டது. "இங்க கூட்டலுக்குக் கழித்தல் போட்டிருக்கீங்க மேடம்." "ஐயோ, இது எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?" அதுதான் யாருக்கும் தெரியவில்லை. எப்போதுமே இப்படி இருந்ததா, பிறகு வந்ததா? பழையதோடு ஒப்பிட்டால்தானே தெரியும்? எதோடு ஒப்பிட?

கைடிடம் போனார்கள். அவர், "இப்ப வர்றத எழுதி அனுப்பு, யாரு பாக்கப் போறா?" என்றாராம். அந்த அம்மா மாட்டேன் என்றுவிட்டார்கள். "எது சரின்னு எனக்கே தெரியாதத, இந்த மடைக்குத் தண்ணி விடுங்க, அந்த மடைக்கு விடாதீங்கன்னு எப்படி எழுதுவேன் அண்ணாச்சி? எவன் வயலோ காயும்." உள்ளதை உள்ளபடி பரீட்சகருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று அடிக்கச் சொன்னார்கள். அடித்துக் கொடுத்தேன். கைடு கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். போட்டால் தன் பெயரும் போகுமாம். முதலிலிருந்து அளந்து எழுதலாம் என்றால் ஒரு கார் சாகுபடி, ஒரு பிசானச் சாகுபடி என்று ரெண்டு போகமாவது வாய்க்கால் வாய்க்காலாக நடக்க வேண்டும். காலக்கெடு அதற்குள் ஓடிவிடும். கடைசியில் கைடு சொன்ன வழிதான் மிஞ்சியது. நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டு மற்றதை அனுப்பு, மற்றதுக்கே பட்டம் கிடைக்கும்.

இதைப் படிக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் யாராவது இருந்தால், படிக்காதவன் சொல்கிறான் என்று தள்ளாமல் கேளுங்கள். மாற்றுவதற்கு முன்னால் பழையதைத் தனியே எடுத்து வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எதற்கு மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்கிறவனுக்குக் கொடுத்துவிடுங்கள். வெள்ளைக்காரன் செய்கிறான் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் அவனுக்கு முன்னாலேயே செய்தவன்.

இதை அந்த நடப்புக்குப் பிறகும் வருகிற எல்லோரிடமும் சொன்னேன். கால்வாய் அம்மா கதையையும் பெயர் சொல்லாமல் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார்கள். கேட்டுவிட்டு எழுந்து வந்து என் பின்னால் நின்றார்கள்.

அந்த அம்மா கடைசியாக வந்த அன்று, வெளியே நல்ல வெயில். அத்தியாயத்தை எடுங்கள் என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் நான் அடித்ததுதான். அட்டவணைகளுக்குக் கோடு போட மட்டும் ஒரு வாரம் ஆகியிருந்தது. எடுத்தேன். எடுத்த பிறகு வேலை இருந்தது. முன்னுரையில் நாலாம் அத்தியாயத்தில் காண்க என்று வந்த இடமெல்லாம் தேடி நீக்க வேண்டும். பொருளடக்கத்தைத் திருத்த வேண்டும். மூன்றுக்குப் பிறகு ஐந்து என்று இருந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அதனால் ஐந்தை நாலாக்கினேன், ஆறை ஐந்தாக்கினேன், பக்க எண்களை இறக்கினேன். இந்த வேலையில் என்னை அடிக்க ஆளில்லை. முடித்து பைண்டு பண்ணிக் கையில் கொடுத்தபோது, அங்கே ஒன்று இருந்தது என்று அந்த அம்மாவாலேயே கண்டுபிடித்திருக்க முடியாது.